வலது கால், அசல் ஒன்று

என் வலது காலை ஓர் ஆபீசில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கியவன் நான். ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது. நம்பாதவர்கள் கடைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம். வரும்போது தைக்க ஏதாவது துணியும் எடுத்து வந்தால் நல்லது. சும்மா ரசீதைப் பார்த்துவிட்டு, "அடக் கடவுளே" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களால் எனக்கு வேலை கெடுகிறது.

நான் தையற்காரன். பள்ளிக்கூடச் சீருடை, ஆபீஸ் பேண்ட், சட்டை. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மிஷின், ஒரு வெட்டும் மேசை, ஒரு நிலைக்கண்ணாடி, காஜா எடுக்க என் மனைவி, அவ்வளவுதான். மிஷின் பெடல் மிஷின். "மோட்டார் வெச்சுக்கலாமே" என்று வழியில் போகிறவர்கள் எல்லாம் யோசனை சொல்வார்கள். மோட்டாரையும் காலால்தான் ஐயா அழுத்த வேண்டும். அதோடு நாள் முழுக்க நின்றுகொண்டு துணி வெட்டுவது யார், உங்கள் மாமனாரா?

ஒரு சாயங்காலம் சீருடை மூட்டையோடு சாலையோரம் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கார் பின்பக்கமாகவே வந்து என் வலது முழங்காலுக்குக் கீழே இடித்தது. ஓட்டியவர் ஒரு பல் டாக்டர். இறங்கி ஓடிவந்து, "என் தப்புதாங்க, முழுக்க முழுக்க என் தப்புதான், கண்ணாடியைப் பாக்கவே இல்ல" என்று அழாத குறையாகச் சொன்னார். கார் வைத்திருக்கிற ஒருவர் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. வலியிலும் எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அவரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். எலும்பு உடைந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். "குணமாகுற வரைக்கும் எல்லாச் செலவும் என்னோடது. நீங்க வேலை செய்ய முடியாத நாளுக்கும் நான் கொடுத்துடறேன்" என்றார். சரி என்றேன். என் மனைவிகூட, "பாவம், நல்ல மனுஷன்" என்றாள். நியாயப்படி கதை இங்கே முடிந்திருக்க வேண்டும்.

நான்காம் நாள் எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரிக் கடிதம் வந்தது. விபத்துக் காய நிவாரண வாரியம் என்று ஒன்று இருக்கிறதாம். இடித்தவர் நேராகக் கொடுப்பதும் இடிபட்டவர் நேராக வாங்குவதும் தண்டனைக்குரிய குற்றமாம். நிவாரணம் எதுவானாலும் வாரியத்தின் வழியாகத்தான் போக வேண்டும். மீறினால் எனக்கு நஷ்டஈடு கிடையாது, டாக்டருக்குத் தொழில் உரிமம் கிடையாது. இரண்டு பேர் சண்டை போடாமல் இருந்தால்கூட இவர்களுக்குப் பொறுக்காது போலிருக்கிறது.

கட்டையை ஊன்றிக்கொண்டு வாரியத்துக்குப் போனேன். கூட மனைவி. ஏழாம் எண் ஜன்னலில் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். சட்டையில் மூன்றாவது பொத்தான் மட்டும் வேறு நிறம். இப்படிப்பட்டவரிடம் என்ன எதிர்பார்க்க முடியும் என்று அப்போதே நினைத்தேன்.

விண்ணப்பத்தைப் புரட்டினார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது நகல். அசல் எங்க?"

"எக்ஸ்ரேல நகல், அசல்னு எல்லாம் இருக்கா சார்? ஒண்ணுதான் கொடுத்தாங்க."

"எக்ஸ்ரேங்கறது எலும்போட போட்டோ. போட்டோ நகல்தானே? எதோட போட்டோவோ அதுதான் அசல். அசலை ஒப்படைச்சாத்தான் கேஸ் நம்பர் விழும்."

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் என் காலைப் பார்த்தாள்.

"காலை எப்படி சார் ஒப்படைக்கிறது? அது என்கூட இல்ல இருக்கு?"

"நீங்களும் வாங்க, யாரு வேணாம்னா? ஆனா ஒண்ணு சொல்லிடறேன், எங்க கணக்குல நீங்க கிடையாது. கால் மட்டும்தான்."

சான்றுப்பொருள் அறை கீழ்த்தளத்தில் இருந்தது. அங்கே போனதும் அடுத்த சிக்கல். மாவுக்கட்டோடு வாங்கிக்கொள்ள மாட்டார்களாம். "உள்ள என்ன இருக்குன்னு பாக்காம கையெழுத்துப் போட்டா, நாளைக்கு உள்ள கால் இல்லன்னு நீங்க சொன்னா?" என்று கேட்டார் மேற்பார்வையாளர். நியாயமான சந்தேகம்தான் என்று சொல்லிக்கொண்டு வாரியத்தின் தச்சரைக் கூப்பிட்டார்கள். அவர் மரம் அறுக்கும் ரம்பத்தோடு வந்தார். நான் அலறிய அலறலில் மூன்றாம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"பயப்படாதீங்க. இந்த ஆபீஸ்ல இருக்கற மேசைக்கு எல்லாம் கால் நான்தான் அறுத்தேன்" என்றார் தச்சர். மாவுக்கட்டின் முன்பக்கம் ஒரு ஜன்னல் வைத்தார். வைக்கும்போது உள்ளே ஏதோ நகர்ந்ததை நான் உணர்ந்தேன். சொன்னேன். "நகர்ந்ததெல்லாம் பதிவேட்டுக்கு முந்தி. அது கணக்கில்லை" என்றார் மேற்பார்வையாளர்.

அறைப் பாதுகாவலர் பெரிய பதிவேட்டைத் திறந்தார். ஐம்பது வயதிருக்கும். தலையைச் சாய்த்துக்கொண்டு நிதானமாக எழுதினார். பொருள்: வலது கால், அசல் ஒன்று. நிறம்: மாநிறம். நிலை: உடைந்தது. உடனிருப்பவை: நகங்கள் ஐந்து. கட்டை விரலில் ஒரு அட்டையை நூலால் கட்டினார். ரசீது கொடுத்தார். என் மனைவிக்கு அதுவரை இருந்த பொறுமை அந்த அட்டையைப் பார்த்ததும் போய்விட்டது.

"விரல்ல அட்டை கட்டுறது பொணத்துக்குங்க! உயிரோட இருக்கற மனுஷனுக்கு யாராவது கட்டுவாங்களா?"

"மனுஷனுக்குக் கட்டலம்மா, காலுக்குத்தான்" என்றார் பாதுகாவலர். குரலில் கிண்டலே இல்லை. மெதுவாக, இதமாகவே சொன்னார்.

இப்படியாக என் கால் தினமும் காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை வாரியத்தின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று ஆயிற்று. ராத்திரி அறையைப் பூட்டிவிடுவார்கள் என்பதால் மாலையில் பாதுகாவலர் ஓர் இரவுச் சீட்டு எழுதிக் கொடுப்பார். அதில் பொருளின் பெயர், வெளியே போகும் நேரம், திரும்பி வர வேண்டிய நேரம், பாதுகாவலர் கையெழுத்து. அந்தச் சீட்டோடு காலை வீட்டுக்கு எடுத்துப் போய், தூங்கி எழுந்து, போன மாதிரியே திரும்பக் கொண்டுவர வேண்டும்.

இதில் எனக்கு என்ன வேலை என்பதுதான் முதல் வாரம் முழுக்க அவர்களுக்குக் குழப்பம். சான்றுப்பொருள் அறைக்குள் பார்வையாளர் நேரம் பதினொன்று முதல் பன்னிரண்டு. அந்த ஒரு மணி நேரம் நான் என் காலோடு சேர்ந்து உள்ளே உட்காரலாம். மற்ற நேரம் கால் உள்ளே இருக்க வேண்டும், நான் வெளியே இருக்க வேண்டும். மேற்பார்வையாளர் இரண்டு நாள் யோசித்து வழி கண்டுபிடித்தார். பொருட்களை வாங்குவதற்காகச் சுவரில் ஒரு சதுரத் துவாரம் இருந்தது. அதற்கு நேராக நடைபாதையில் ஒரு பெஞ்சைப் போட்டார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து, காலைத் துவாரத்தின் வழியே உள்ளே நீட்டிக்கொள்ள வேண்டியது. உள்ளே ஒரு ஸ்டூல் போட்டு அதன்மேல் காலை வைத்துவிடுவார் பாதுகாவலர். உள்ளே மின்விசிறி உண்டு. வெளியே கிடையாது. காலுக்கு மட்டும் ஜில்லென்று காற்று வரும், நான் வியர்த்துக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். காலையில் அலமாரி தூசி தட்டும்போது என் காலையும் தட்டிவிடுவார். பூச்சி அரிக்காமல் இருக்க ஸ்டூலைச் சுற்றி அந்துருண்டை போட்டுவைத்தார். எனக்குக் கூச்சமாக இருக்கும். சிரித்தால், உள்ளேயிருந்து, "பொருள் அசையக்கூடாது தையக்காரரே" என்பார்.

பல் டாக்டரும் தினம் வருவார். அவருடைய காரின் பின்பக்க பம்பரைக் கழற்றி வாங்கி அதே அறையில் வைத்திருந்தார்கள். அதில் உள்ளங்கை அளவுக்கு உள்வாங்கியிருந்த நெளிசலைச் சுற்றிச் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். "இது என் பம்பர்தான், இந்த நெளிசல் நேற்றிருந்த நெளிசல்தான்" என்று அவர் காலை பத்து மணிக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். பல்வலியோடு ஆட்கள் அவர் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு என் பெஞ்சில் வந்து உட்காருவார். "எப்படி இருக்கு?" என்பார். "காலைக் கேக்கறீங்களா, என்னையா?" என்பேன். இரண்டு பேரும் சிரிப்போம். 

சும்மா உட்கார முடியாமல் ஊசி நூலும் கொண்டுபோனேன். பொத்தான் கட்டலாம், கை மடிப்பு அடிக்கலாம். அங்கேதான் நான் பெரிய தப்புச் செய்தேன். ஏழாம் எண் ஜன்னல் குமாஸ்தாவின் மூன்றாவது பொத்தானைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஒருநாள் கூப்பிட்டு, மாற்றித் தைத்துவிட்டேன். மறுநாள் அவர் ஒரு பேண்ட்டோடு வந்தார், இடுப்பைக் கொஞ்சம் பிரித்துவிட வேண்டுமாம். அதற்கு மறுநாள் கணக்குப் பிரிவு மொத்தமும் வந்தது. உட்கார்ந்தே வேலை செய்கிற ஆபீஸ் அல்லவா, எல்லோருக்கும் இடுப்பு பெருத்திருந்தது. கோப்புகள் நகராத அந்தக் கட்டிடத்தில் பேண்ட்டுகள் என் பெஞ்சை நோக்கிப் பறந்து வந்தன. ஒருநாள் மேற்பார்வையாளர் என் தோளைத் தட்டி, "உங்க கேஸ் சீக்கிரம் முடியக்கூடாதுன்னு நாங்க எல்லாரும் ஆசைப்படறோம் டெய்லர்" என்றார். வாழ்த்துச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

ஒரு மாலை இரவுச் சீட்டோடு எலும்பு டாக்டரிடம் போனேன். மாவுக்கட்டிலிருந்த ஜன்னலைப் பார்த்ததும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"இதை யாருய்யா வெட்டினது?"

"தச்சர்."

புதிதாக எக்ஸ்ரே எடுத்தார். எலும்பு நகர்ந்து கோணலாகக் கூடிக்கொண்டிருந்தது. "இன்னும் இருபது நாள் டைம் இருக்கு. அதுக்குள்ள ஆபரேஷன் பண்ணினா நேராக்கிடலாம். தள்ளிப்போட்டா எலும்பு அப்படியே இறுகிடும். அப்புறம் நடக்கலாம், கட்டையை வெச்சுக்கிட்டு. மிஷின் மிதிக்கறது எல்லாம் மறந்துடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து டாக்டர் சொன்னதை மனைவியிடம் சொன்னேன். எனக்கு அழுகைதான் வந்தது. பதினான்கு வயதில் மிதிக்க ஆரம்பித்த கால். வேறு ஒரு வேலையும் எனக்குத் தெரியாது. என் மனைவி, "நஷ்டஈடும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம், காலைச் சரி பண்ணுங்க முதல்ல" என்றாள். பல் டாக்டர் செலவுக்குத் தயாராக இருந்தார். ஆனால் காலில் கைவைக்க வாரியத்தின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் வைத்தியம் செய்தால் அது சாட்சியத்தைக் கலைப்பதாம். செய்த டாக்டர், பணம் கொடுத்த டாக்டர், கலைக்கப்பட்ட காலுக்குச் சொந்தக்காரன், மூன்று பேர் மேலும் வழக்கு வரும்.

சரி என்று மனுப் போட்டேன். மனு எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று முடிவாகவே ஆறு நாள் ஆயிற்று. பழுதுபார்ப்புப் பிரிவு, "நாங்கள் நாற்காலி மட்டும்தான்" என்று திருப்பி அனுப்பியது. பராமரிப்புப் பிரிவு, "கால் நல்ல நிலையில் உடைந்திருக்கிறது, பராமரிப்புத் தேவையில்லை" என்று குறிப்பெழுதியது. கடைசியில் தலைவரிடம் போனது. தலைவரை எப்படிப் பார்ப்பது என்று தவித்துக்கொண்டிருந்தபோது, அவரே ஆளனுப்பினார். ஆண்டு விழாவுக்குப் புதுப் பேண்ட் வாங்கியிருக்கிறார், நீளம் குறைக்க வேண்டும்.

பன்னிரண்டு நாள் போயிருந்தது. பாதுகாவலர் எழுதிக் கொடுத்த அரைமணி நேரச் சீட்டோடு தலைவர் அறைக்குப் போனேன். அவர் ஒரு ஸ்டூல்மேல் ஏறி நின்றார். நான் நாற்காலியில் உட்கார்ந்து, குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, அவருடைய பேண்ட் விளிம்பை மடிக்க ஆரம்பித்தேன். குண்டூசி வாயில் இருக்கும்போது தையற்காரனால் பேச முடியாது என்பது அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

"உங்க மனுவைப் படிச்சேன். கண் கலங்கிடுச்சு. காலைச் சரி பண்ணணும்னு கேக்கறீங்க. நியாயமான ஆசை. ஆனா என் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. கால் சரியாயிடுச்சுன்னு வெச்சுக்கங்க, அப்புறம் எதுக்கு நஷ்டஈடு? சரியான காலுக்கு எவனாவது கொடுப்பானா?"

"ம்ம்" என்றேன்.

"சரியாகலன்னு வெச்சுக்கங்க. அப்ப காயம் இன்னும் முடியல. இன்னும் மோசமாகலாம். முடியாத காயத்துக்கு இன்னிக்கே மதிப்புப் போட்டா உங்களுக்குத்தானே நஷ்டம்? அந்தப் பாவத்தை நான் பண்ண மாட்டேன். இடது பக்கம் கொஞ்சம் ஏறியிருக்கோ?"

"ம்ம்."

"இந்த வாரியம் ஆரம்பிச்சுப் பதினெட்டு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் எங்ககிட்ட வந்த காயத்துல ஒண்ணுகூடத் தொலைஞ்சதில்ல. ஒண்ணுகூடக் குறைஞ்சதில்ல. வாங்கும்போது எப்படி இருந்துதோ அப்படியே வெச்சிருக்கோம். வேற எந்த ஆபீஸ்ல இப்படி ஒரு பொறுப்பு பாத்திருக்கீங்க? நஷ்டஈடு நஷ்டஈடுன்னு எல்லாரும் அதையே கேக்கறாங்க. கொடுத்துட்டா என்ன ஆகும்? கேஸ் முடிஞ்சுடும். கேஸ் முடிஞ்சா காயத்தைத் திருப்பிக் கொடுக்கணும். கொடுத்துட்டா அலமாரி காலி. காலி அலமாரியைக் காட்டி நான் எப்படி அடுத்த வருஷத்துக்குப் பத்து ஆள் கேப்பேன்?"

அவர் தொடையில் ஒரு குண்டூசியை இறக்கிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது உண்மை.  தொழில் புத்தி விடவில்லை, விளிம்பிலேயே குத்தினேன். ஊசிகள் தீர்ந்ததும், "சார், இன்னும் எட்டு நாள்தான் இருக்கு" என்றேன்.

"எட்டு நாளா? ஆண்டு விழா நாளைக்கே இருக்கு, சாயங்காலமே பேண்ட் வேணும்" என்றார்.

அதற்கப்புறம் நான் யாரிடமும் கேட்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தொன்பதாம் நாள் பார்வையாளர் நேரம். அறைக்குள் நானும் பல் டாக்டரும் பாதுகாவலரும் மட்டும் இருந்தோம். வெக்கை தாங்காமல் பாதுகாவலர் எப்போதும் போட்டிருக்கும் கோட்டைக் கழற்றினார். கோட்டு இல்லாமல் அவரைப் பார்த்தது அன்றுதான். வலது முழங்கைக்குக் கீழே கை ஒரு பக்கமாகத் திரும்பி நின்றது. ஒடிந்து, கோணலாகக் கூடி, இறுகிப்போன கை. அவர் ஏன் இடது கையால் எழுதுகிறார், எழுதும்போது ஏன் தலையைச் சாய்க்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. மணிக்கட்டில் ஒரு பழுப்பேறிய அட்டை. எண் ஒன்று.

"அண்ணே, என்ன இது?"

"இதுவா? நான்தான் இந்த வாரியத்தோட முதல் கேஸ்" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. "கொத்தனாரா இருந்தேன். ஒரு கார் இடிச்சுப் போட்டுடுச்சு. வாரியம் திறந்த அன்னிக்கு ரிப்பன் வெட்டினதும் உள்ள நுழைஞ்ச முதல் ஆள் நான். தலைவர் ரூம்ல போட்டோ இருக்கே, பாக்கலியா? கையை ஒப்படைச்சேன். தினம் வந்து உக்காருவேன், உங்கள மாதிரி. ஒரு வருஷம் ஆச்சு, ரெண்டு வருஷம் ஆச்சு. எப்படியும் தினம் வர்றவன்தானேன்னு சாவியை என்கிட்டயே கொடுத்துட்டாங்க."

"வீட்டுக்குப் போறதில்லையா?"

"இங்கயே படுத்துக்குவேன். என் கைக்கு ராத்திரிச் சீட்டுப் போட ஆள் இல்லையே" என்றார். பிறகு, பெருமை குறையாமல், "கேஸ் இன்னும் நடக்குது. போன மாசம்கூட ஒரு கடுதாசி வந்துது, பரிசீலனையில இருக்குன்னு" என்றார்.

 அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பல் டாக்டரும் பார்த்துக்கொண்டிருந்தார். சாதுவான மனிதர், ஜன்னல் குமாஸ்தாவுக்கே எழுந்து நிற்பவர். அன்று அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது.

மாலை ஐந்து மணிக்கு வழக்கம்போலப் பாதுகாவலர் எனக்கு இரவுச் சீட்டு எழுதித் தந்தார். வாசலில் பின்பக்கம் பம்பர் இல்லாத கார் நின்றது. பல் டாக்டர் கதவைத் திறந்து, "ஏறுங்க" என்றார்.

"டாக்டர், உங்க லைசென்ஸ்..."

"போனாப் போகுது. ஏறுங்கன்னா."

எலும்பு டாக்டரும் மறுக்கவில்லை, அன்று இரவே ஆபரேஷன் நடந்தது. மறுநாள் பத்து மணிக்கு நான் துவாரத்தில் காலை நீட்டவில்லை. பதினொரு மணிக்கு வீட்டுக்கு இரண்டு பேர் வந்து, வாரியத்தின் பொறுப்பிலிருந்த ஒரு வலது கால் காணாமல் போய்விட்டது, யார் மீதாவது சந்தேகம் உண்டா என்று என் மனைவியிடம் விசாரித்தார்கள். "ஆமாங்க, எனக்கு அந்தக் காலோட போன ஆள் மேலதான் சந்தேகம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அதற்கு மேல் எப்படி விசாரிப்பது என்று அவர்களுக்கு விதி இல்லை போலும், அடுத்த நான்கு மாதம் ஒரு சத்தமும் இல்லை.

நான்கு மாதத்தில் எலும்பு கூடியது. முதல் நாள் பெடலில் காலை வைத்தபோது பயமாகத்தான் இருந்தது. பெடல் இறங்கியது, ஏறியது, இறங்கியது. மிஷின் ஓடிய சத்தத்தைக் கேட்டு என் மனைவி உள்ளேயிருந்து ஓடிவந்து பார்த்துவிட்டு, திரும்பிப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள். எனக்கு அன்று இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. ஐந்து ஜோடிச் சீருடையை ஒரே மூச்சில் தைத்தேன்.

போன வாரம் ஒரு மத்தியானம் வாரியத்தின் பாதுகாவலர் கடை வாசலில் வந்து நின்றார். கோட்டுப் போட்டிருந்தார். தோளில் ஒரு பை. வெளிச்சத்துக்குக் கண் கூசி, கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டிருந்தார்.

"உத்தரவு கொண்டுவந்திருக்கேன். உங்க காலை அடையாளம் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்னு அனுப்பிட்டாங்க. தலைவரே கையெழுத்துப் போட்ட சீட்டு, நாலு மணி வரைக்கும் செல்லும்" என்றார்.

உட்காரச் சொன்னேன். உத்தரவைப் பிரித்து என் மனைவி சத்தமாகப் படித்தாள். வாரியம் சான்றுப்பொருள்களைத் தீர ஆராய்ந்ததாம். வலது கால் ஆபரேஷன் ஆகி நேராகிவிட்டதாக ஆஸ்பத்திரி தெரிவித்திருக்கிறது, ஆகவே காலில் காயமில்லை. பம்பரிலோ நெளிசல் அப்படியே இருக்கிறது, வாரியம் அதைச் சேதமின்றிக் காத்திருக்கிறது. இரண்டு பொருள் மோதி, ஒன்று நன்றாக இருந்து மற்றது நெளிந்திருந்தால், நெளிந்ததுதான் பாதிக்கப்பட்டது. எனவே மேற்படி கால்தான் மேற்படி காரை இடித்திருக்கிறது. பல் டாக்டர் இனிமேல் மனுதாரர். நான் எதிர்மனுதாரர். சேதம் விளைவித்த ஆயுதம் என்ற முறையில் வலது காலைப் பத்து நாளுக்குள் மறுபடி ஒப்படைக்க வேண்டும்.

"கால் போய்க் காரை இடிச்சுதாமா?" என்று கேட்டுவிட்டு என் மனைவி சிரித்தாள், அப்படியே மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பல் டாக்டர் காலையிலேயே போன் செய்திருந்தார். அவருக்கும் ஒன்று போயிருக்கிறது. "எனக்கு நஷ்டஈடு வேணாங்கன்னு சொன்னா, அதை விண்ணப்பமா எழுதிக் கொடுங்கன்னு சொல்றாங்க" என்று புலம்பினார். லைசென்ஸ் பற்றி யாரும் மூச்சு விடவில்லையாம். மனுதாரரிடம் எப்படி லைசென்ஸைப் பிடுங்குவது?

"நான் வர மாட்டேண்ணே" என்றேன். "வழக்குப் போட்டாப் போடட்டும், ஜெயில்ல வெச்சா வெக்கட்டும். இந்தக் காலை மறுபடி அங்க நீட்ட மாட்டேன்."

 நான் சொன்னதைப் பாதுகாவலர் கேட்டாரா என்றே தெரியவில்லை. அவர் பெடல்மேல் இருந்த என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தைத்தேன். கால் ஏறி இறங்க, அவர் கண்ணும் கூடவே ஏறி இறங்கியது.

"வலிக்குதா?"

"குளிருக்கு லேசா. மத்தபடி இல்ல."

"நேரா இருக்கே."

"நேராத்தான் இருக்கு."

 பிறகு, யாரிடமோ வழி விசாரிப்பது போல, "கைக்கும் பண்ணுவாங்களா?" என்று கேட்டார்.

என் கால் நின்றுவிட்டது. இருபது நாளுக்குள் வரச் சொன்ன டாக்டர் பதினெட்டு வருஷத்துக் கையைப் பார்த்து என்ன சொல்வார்? பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "தெரியலண்ணே. காட்டித்தான் கேக்கணும். சாயங்காலம் ஆறு மணிக்கு டாக்டர் இருப்பார், நான் கூட வரேன்" என்றேன்.

"ஆறு மணியா? அது முடியாதே. என் சீட்டு நாலு மணி வரைக்கும்தான்."

"ராத்திரிச் சீட்டு ஒண்ணு போட்டுக்கிட்டு வாங்களேன்."

"எனக்கு யாரு போடுவாங்க? அதுக்குப் பாதுகாவலர் கையெழுத்து இல்ல வேணும்?"

காஜா எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி தலைநிமிரவில்லை. "பாதுகாவலர் யாருண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

"நா..." என்று ஆரம்பித்தார். வாய் திறந்தபடியே நின்றது. எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு பையைத் துழாவி இரவுச் சீட்டுப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதன் அட்டையைத் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து கோட்டில் விழுந்தது, துடைக்கவில்லை. பதினெட்டு வருஷம்!  அன்று ஸ்டூலில் ஏறி நின்ற தலைவரைக் குண்டூசியால் குத்தாமல் விட்டோமே என்று அப்போதுதான் நிஜமாகவே வருத்தப்பட்டேன்.

நாலு மணி அடித்தது. அவர் எழவில்லை. பேனாவைக் கேட்டு வாங்கி, தலையைச் சாய்த்து, இடது கையால் நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். சீட்டைக் கிழித்து, சரியாக இருக்கிறதா பார்க்கச் சொல்லி என் மனைவியிடம் நீட்டினார். அவள் வாங்கிப் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். திரும்பி வர வேண்டிய நேரம் என்ற இடத்தில் அவர் எதுவும் எழுதவில்லை.